வீட்டில் எந்தத் தோட்டாவை வாங்கி வைப்பது? புதிதாகச் சுடப் பழகுபவர்களுக்கு ஒரு செய்முறை

துப்பாக்கி வாங்க ஆறு மாதம் யோசிப்பவர்கள்கூட, தோட்டா என்று வரும்போது கடைக்காரர் எடுத்து வைத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் அலமாரியில் ஐந்து வகைப் பெட்டிகள் சேர்ந்துவிடும், எல்லாமே பாதி காலி. எந்தப் பெட்டித் தோட்டா இலக்கில் எங்கே போய் விழும் என்று கேட்டால் பதில் இருக்காது.

இந்தக் குறிப்பு இலக்கு அட்டையிலும், வானில் எறியப்படும் களிமண் தட்டுகளிலும் பொழுதுபோக்காகச் சுடுபவர்களுக்கு. வேட்டை இதில் வராது. என் கட்சி எளிமையானது: ஒரு துப்பாக்கிக்கு ஒரு வகைத் தோட்டா போதும், அந்த வகையை அந்தத் துப்பாக்கியைக் கொண்டே தேர்ந்தெடுக்க வேண்டும்.

படி 1: குழலில் பொறித்திருப்பதைப் படியுங்கள்

தோட்டாவின் பெயர் துப்பாக்கிக் குழலிலோ அதன் உடற்பகுதியிலோ பொறிக்கப்பட்டிருக்கும். அதை எழுத்துக்கு எழுத்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடையில் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதும் தோட்டாவின் அடிப்பகுதியில் பொறித்திருப்பதும் அந்தத் தாளோடு அப்படியே பொருந்த வேண்டும். "கிட்டத்தட்ட அதேதான்" என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள்.

இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் உண்டு. "9 மி.மீ." என்ற பெயரில் பல தோட்டாக்கள் இருக்கின்றன. 1902-இல் ஜார்ஜ் லூகர் உருவாக்கிய 9x19 (பறந்து போகும் முனையான குண்டின் விட்டம் 9 மி.மீ., மருந்தை அடக்கிய பித்தளை உறையின் நீளம் 19 மி.மீ.) தான் இன்று பரவலாகப் புழங்குவது. 9x18 மகாரோவ் வேறு. அதன் குண்டின் விட்டமே சற்றுப் பெரியது. 9 மி.மீ. ஷார்ட் என்று சில நாடுகளில் விற்பது .380 ஏ.சி.பி. ஆகும். இவற்றில் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைப் போடக் கூடாது. அதுபோலவே .22 லாங் ரைஃபிளும் .22 மேக்னமும் உறவுக்காரர்கள்போலத் தெரிந்தாலும் மேக்னத்தின் உறை நீளமும் பருமனும் கூடியது.

.223 ரெமிங்டன், 5.56 நேட்டோ இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுதான். 5.56 என்று பொறித்த ரைஃபிளில் .223 சுடலாம். .223 என்று மட்டும் பொறித்ததில் 5.56 ராணுவத் தோட்டாவைச் சுடக் கூடாது. குண்டு, குழலின் உட்புறம் வெட்டியிருக்கும் வரிப்பள்ளங்களைத் தொடுவதற்கு முன் கடக்கும் இடைவெளி அதில் குறைவு, அழுத்தம் எல்லை மீறலாம். .300 பிளாக்அவுட் இன்னும் ஆபத்தானது. அது .223 உறையிலிருந்து பிறந்தது, அதே மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) உட்கார்ந்துவிடும். 5.56 குழலுக்குள் 7.62 மி.மீ. குண்டை அனுப்பினால் துப்பாக்கியே வெடித்துவிடும். இவ்விரண்டு ரைஃபிள்களும் ஒரே வீட்டில் இருந்தால், தோட்டாக்களை வெவ்வேறு நிறப் பெட்டிகளில், வெவ்வேறு தட்டுகளில் வையுங்கள்.

ரவை சுடும் ஷாட்கன்காரர்கள் போர் (குழலின் உள்ளளவு; எண் கூடினால் குழல் சிறியது) அளவோடு உறையின் நீளத்தையும் பார்க்க வேண்டும். 12 போரில் 65, 70, 76 மி.மீ. என்று பல நீளங்கள் உண்டு. இந்த எண், சுட்ட பிறகு வாய் விரிந்த உறையின் நீளம். அதனால் 76 மி.மீ. தோட்டா, சுடாத நிலையில், தோட்டா உட்காரும் 70 மி.மீ. அறைக்குள் சமத்தாக நுழைந்துவிடும். நுழைகிறது என்பதற்காகச் சுடலாம் என்று பொருளில்லை. அதைவிட மோசமான கலப்பு 20 போர்த் தோட்டா 12 போர்க் குழலுக்குள் போவது. அது நழுவிப் பாதியில் போய் அடைத்துக்கொள்ளும். துப்பாக்கி காலியாக இருப்பதாக நினைத்து 12 போர்த் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் பிளக்கும். 20 போர் உறைகளை மஞ்சள் நிறத்தில் தயாரிக்கும் வழக்கம் இதனால்தான் வந்தது.

படி 2: உரிமமும் சுடுதள விதியும்

உங்கள் உரிமத்தில் ஒரே நேரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஓர் ஆண்டில் எத்தனை வாங்கலாம் என்று குறிப்பிட்டிருக்கக்கூடும். கீழே வரும் கணக்கு எல்லாம் அந்த எண்ணுக்கு உட்பட்டதுதான்.

சுடுதளத்துக்குத் தனி விதிகள் உண்டு. எஃகு உட்கரு அல்லது எஃகு மேலுறை உள்ள குண்டுகளைப் பல தளங்கள் அனுமதிப்பதில்லை. அவை பின்தடுப்பைச் சேதப்படுத்தும், பொறி பறக்கும், தெறித்துத் திரும்பவும் கூடும். வாசலிலேயே காந்தத்தை வைத்துப் பார்ப்பார்கள். சில உள்ளரங்குகளில் மேலுறை இல்லாத ஈயக் குண்டுக்கும் தடை. இதை விசாரிக்காமல் ஆயிரம் தோட்டா வாங்கிவிட்டு வீட்டில் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

படி 3: எதைச் சுடப் போகிறீர்கள்?

இலக்குதான் குண்டின் வடிவத்தை முடிவு செய்கிறது.

பத்து மீட்டரில் ஏர் ரைஃபிள் என்றால் 4.5 மி.மீ. தட்டைமுகப் பெல்லட்டுகள். தட்டை முகம் அட்டையில் வட்டமாகத் துளையிடும். மதிப்பெண் கணக்கிட எளிது. அந்த இலக்கின் பத்துப் புள்ளி வெறும் 0.5 மி.மீ. அளவுப் பொட்டு என்பதால், தலை அளவு 4.49-ஆ 4.50-ஆ என்பதுகூட அங்கே விவாதப் பொருள். தொடங்குபவர்கள் அதற்குள் இப்போது போக வேண்டியதில்லை. நசுங்காத பாவாடை (பெல்லட்டின் விரிந்த பின்பகுதி) உள்ள, நல்ல தயாரிப்பாக ஒரு டப்பா போதும்.

களிமண் தட்டுகளுக்கு 12 போரில் 24 கிராம் அல்லது 28 கிராம் ரவை (சிறு ஈய உருண்டைகள்) உள்ள தோட்டா. ஒலிம்பிக் வகைச் சர்வதேசப் போட்டி விதிப்படி 24 கிராம் வகைதான் உச்சம், ரவையின் விட்டம் 2.6 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. போட்டிக்குப் போகாவிட்டாலும் 24 கிராமையே பரிந்துரைப்பேன். தோளில் விழும் அடி குறைவு. நூறு தட்டு சுட்ட பிறகு அந்த வேறுபாட்டைத் தோள் சொல்லும்.

9x19 பிஸ்டலில் முழு மேலுறைக் குண்டு (ஈயத்தை வேறு உலோகம் மூடியது), 115 அல்லது 124 கிரெய்ன் எடை. அட்டையில் துளைபோட விலையுயர்ந்த குழிமுனைக் குண்டுகள் தேவையே இல்லை.

.22 லாங் ரைஃபிளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் தொடங்குவது அதில்தான். 1887-இல் வந்த தோட்டா, இன்றும் 50 மீட்டர் ஒலிம்பிக் போட்டிகளில் இருக்கிறது. கடையில் இரண்டு பெரும்பிரிவுகளைப் பார்ப்பீர்கள்: விநாடிக்குச் சுமார் 320–330 மீட்டர் வேகத்தில் போகும் சாதாரண வேகத் தோட்டா, 370 மீட்டருக்கு மேல் போகும் அதிவேகத் தோட்டா. பெட்டியின் மேல் பெரிய எண் இருந்தால் சிறந்தது என்று தோன்றும். அட்டையில் சுடுவதற்கு அது தலைகீழ். ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். அதற்கு மேலே கிளம்பும் குண்டு வழியிலேயே வேகம் குறைந்து ஒலித்தடையைக் கடக்கும்போது ஆட்டம் காண்கிறது. பக்கக் காற்றிலும் அதிவேகக் குண்டுதான் கூடுதலாக விலகும். கேட்கும்போது நம்ப முடியாது, காற்றுள்ள நாளில் இரண்டையும் சுட்டுப் பாருங்கள். ஆகவே போல்ட் ரைஃபிள் (ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்றுவது) என்றால் சாதாரண வேகம். அரைத்தானியங்கித் துப்பாக்கி என்றால் விதிவிலக்கு: சிலவற்றில் உறையை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்ற அதிவேகத் தோட்டாவின் உந்துதல் வேண்டியிருக்கும்.

படி 4: சிறு பெட்டிகளில் சோதித்துப் பாருங்கள்

உங்களுக்குப் பொருத்தமான பிரிவில் மூன்று அல்லது நான்கு வகைகளை, வகைக்கு ஒரு பெட்டி மட்டும் வாங்குங்கள். ஒரே நிறுவனம் ஒரே நாளில் செய்த இரண்டு ரைஃபிள்கள்கூட வெவ்வேறு தோட்டாவை விரும்பலாம். நண்பரின் ரைஃபிளுக்குப் பிடித்தது உங்களுடையதற்குப் பிடிக்காது. விலை கூடியதுதான் வெல்லும் என்றும் இல்லை.

சோதிக்கும் முறை இது. காற்றில்லாத நாளாகப் பார்த்து, துப்பாக்கியை மணல்மூட்டையில் தாங்கலாக வையுங்கள். .22 குண்டுகளின் மேல் மெழுகோ கொழுப்போ பூசியிருக்கும்; வகை மாறும்போது முந்தைய வகையின் படிவு குழலில் இருக்கும். எனவே புதிய வகையில் முதல் பத்துப் பதினைந்து தோட்டாக்களைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிடுங்கள். பிறகு ஐந்து ஐந்தாக, வகைக்கு ஐந்து தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியிலும் மிகத் தள்ளி விழுந்த இரண்டு துளைகளின் மையத்துக்கு மையம் அளந்து எழுதுங்கள். மையப் புள்ளியில் விழுகிறதா என்று இப்போது பார்க்க வேண்டாம். அதைக் குறிநோக்கியைத் திருகிச் சரிசெய்துவிடலாம். எவ்வளவு நெருக்கமாக விழுகிறது என்பதுதான் கேள்வி. ஒரே ஒரு அழகான தொகுதியைக் கண்டு மயங்கிவிடாமல் ஐந்தின் சராசரியைப் பாருங்கள்.

சோதிக்கும்போது ஏதாவது ஒரு வெடி வழக்கத்தைவிட மெல்லியதாகக் கேட்டால் உடனே நிறுத்துங்கள். குண்டு குழலிலேயே சிக்கியிருக்கலாம். துப்பாக்கியைக் காலி செய்து குழலுக்குள் பார்க்காமல் அடுத்ததைச் சுடவே கூடாது. விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால், முனையை இலக்கை நோக்கியே 30 விநாடியாவது பிடித்திருந்துவிட்டுத் திறக்க வேண்டும்.

தேறிய வகையின் பெட்டியில் தயாரிப்புத் தொகுதி எண் அச்சிட்டிருக்கும். குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து மொத்தமாக வாங்கும்போது அதே எண் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், புதிய எண்ணில் ஒரு பெட்டியைச் சோதித்த பிறகே மற்றவற்றை வாங்குங்கள்.

ஷாட்கனுக்கு இந்த அளவெடுப்பு அவசியமில்லை. தட்டு உடைகிறதா, தோள் வலிக்கிறதா என்ற இரண்டு கேள்விகள் போதும்.

படி 5: எவ்வளவு?

மாதம் எத்தனை சுடுகிறீர்கள், தீர்ந்தால் மறுபடி வாங்க எத்தனை மாதம் ஆகும் என்ற இரண்டையும் பெருக்கி, மேலே ஒரு சுடுநாளுக்கான கையிருப்பைச் சேர்த்தால் விடை.

மாதம் இரண்டு முறை, முறைக்கு 100 வீதம் .22 சுடுகிறீர்கள், கடையில் சரக்கு வர இரண்டு மாதம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 400, அதோடு 100. அதாவது 50 தோட்டாப் பெட்டிகள் பத்து. ஐந்நூறு அடங்கிய இந்தக் கட்டு இரண்டு கிலோகூட இருக்காது. ஒரு சிறிய பெட்டகத்தில் அடங்கிவிடும். தட்டு சுடுபவர்களுக்கு ஒரு சுற்று 25 தட்டு, பெட்டியும் 25 தோட்டா என்பதால் சுற்றுகளை எண்ணினாலே போதும். ஒலிம்பிக் டிராப் போன்ற சில தட்டுப் போட்டிகளில் தட்டுக்கு இரண்டாவது வெடியும் அனுமதி. அங்கே ஒரு பெட்டி ஒரு சுற்றுக்குப் போதாது.

தட்டுப்பாடு வரப்போகிறது என்ற வதந்தி அவ்வப்போது கிளம்பும். அப்போது கிடைத்ததையெல்லாம் வாங்கிக் குவிப்பவர்களால்தான் பாதித் தட்டுப்பாடு உண்டாகிறது. அந்த அவசரத்தில் வாங்கியது உங்கள் துப்பாக்கிக்கு ஒத்துவராத வகையாக இருந்தால், பணம் முடங்கியதுதான் மிச்சம்.

படி 6: வைக்கும் இடம்

பூட்டிய இடம், துப்பாக்கி இருக்கும் பூட்டிலிருந்து தனியான பூட்டு, தனிச் சாவி. வீட்டில் குழந்தைகள் இல்லை என்பது இதற்கு விலக்காகாது.

ஆலைத் தோட்டா உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் பல பத்தாண்டுகள் கெடாது. அதைக் கெடுப்பவை சூடும் ஈரமும். கூரைக்கு அடியிலுள்ள பரண், வெயிலில் நிற்கும் கார் இரண்டும் வேண்டாம். சிமெண்ட் தரையில் நேராக வைக்காமல் தட்டில் வையுங்கள், பெட்டகத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். தோட்டாவுக்கு எண்ணெய் தடவவே கூடாது. ஊடுருவும் எண்ணெய், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமருக்குள் இறங்கினால் அது செத்துவிடும்.

அமோனியா உள்ள துப்புரவுத் திரவமோ உரமோ அதே அறையில் இருக்க வேண்டாம். பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தபோது பித்தளை உறைகள் தாமாகவே விரிசல் விட்டன. காரணம் குதிரைச் சிறுநீரின் அமோனியா என்று 1921-இல்தான் விளக்கம் கிடைத்தது.

தோட்டாக்களை அசல் பெட்டியிலிருந்து எடுத்து டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். பெயர், தொகுதி எண் எல்லாம் பெட்டியில்தான் இருக்கிறது. வாங்கிய தேதியைப் பெட்டியின் மேல் எழுதி, புதியதைப் பின்னால் தள்ளி, பழையதை முன்னால் வைத்து முதலில் சுடுங்கள். கையாண்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். ஈயம் உடம்புக்குள் போனால் எளிதில் வெளியேறாது.

படி 7: ஆண்டுக்கு ஒரு முறை

எல்லாவற்றையும் வெளியே எடுத்து, எண்ணிப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். பித்தளை சற்று மங்கியிருப்பது பரவாயில்லை. பச்சை படிந்து அரித்தது, விரிசல் விட்டது, குண்டு உள்ளே அமுங்கியது, ஷாட்கன் உறை ஈரத்தில் உப்பியது ஆகியவற்றைத் தனியே ஒதுக்கிவிடுங்கள்.

ஒதுக்கியவற்றைக் குப்பையில் போடவோ, புதைக்கவோ, நெருப்பில் இடவோ கூடாது. பிரித்துப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். ஒரு பெட்டியில் "பழுது" என்று எழுதிப் பூட்டி வைத்து, சுடுதளப் பொறுப்பாளரிடமோ காவல் நிலையத்திலோ விசாரித்து ஒப்படையுங்கள். ஒப்படைத்ததற்குச் சீட்டு வாங்கிக்கொண்டால், உரிமத்தைப் புதுப்பிக்கும்போது கணக்கு இடிக்காது.