பெடல்போர்டில் ‘கீ...’ சத்தமா? ஓவர்டிரைவை பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள்

எல்லா கிட்டார் பெடலும் (காலால் அழுத்தி ஒலியை மாற்றும் பெட்டிகள்) ஒரே அடாப்டரில் ஓடி, மெல்லிய விசில் சத்தம் வந்தால், ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடலை மட்டும் 9 வோல்ட் பேட்டரிக்கு மாற்றுங்கள். அடாப்டர் பின்னை முழுசாகக் கழற்றினால்தான் பேட்டரி வேலை செய்யும். தொங்கும் பின்னின் வெளிப்பக்கம் பெரும்பாலும் பாசிட்டிவ்; உலோகத்தில் பட்டால் ஷார்ட் ஆகும், டேப் சுற்றிவிடுங்கள்.

சத்தம் நின்றால் பெடலில் கோளாறில்லை. எதிரொலி தரும் டிலே போன்ற டிஜிட்டல் பெடலின் இரைச்சல் பொது பவர் வயர் வழியாக ஓவர்டிரைவுக்குள் புகுந்து பெரிதாகிறது. டிஜிட்டல் பெடலுக்குத் தனி அடாப்டர் கொடுத்தாலே பெரும்பாலும் போதும். புதுப் பெடல் வேண்டாம்.

கிட்டாரோடு நீங்கள் திரும்பும்போது கூடிக் குறையும் ‘ம்ம்’ ஓசைக்கு இது உதவாது. அது சிங்கிள் காயில் பிக்கப் (கம்பி அதிர்வை உணரும், ஒற்றைச் சுருள் கொண்ட கிட்டார் பாகம்) பிடிக்கும் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஓசை. ஆம்ப்பை (ஆம்ப்ளிஃபயரை) விட்டுத் தள்ளி நில்லுங்கள்.