சபை குரூப் போட்டோக்களுக்குப் பெயரும் ஆண்டும் சேர்ப்பது எப்படி

கோயிலை ஒட்டிய வெஸ்ட்ரி அறையின் பீரோவிலும், போதகர் குடியிருக்கும் குருமனையின் சுவரிலும் இறையியல் கல்லூரி நூலகத்திலும் கிடக்கும் 1940–70 காலத்துக் குரூப் போட்டோக்களை எடுத்தவுடன் பலருக்கும் தோன்றுவது, துடைத்துப் பளிச்சென்று ஆக்கிவிட வேண்டும் என்பதுதான். அது கடைசி வேலை. 1955-ல் இருபது வயது மாணவராக நின்றவருக்கு இப்போது தொண்ணூறு. கறை இன்னும் பத்து வருடம் காத்திருக்கும், அவர் காத்திருக்க மாட்டார். முதலில் பெயர்கள்.

சட்டத்தைக் கழற்றாமலே செல்போனில் ஒரு படம் எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். கண்ணாடியில் உங்கள் உருவம் விழுந்தால் உங்களுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைக் கட்டி, வெளிச்சம் இரு பக்கமிருந்தும் சரிவாக வரும்படி வையுங்கள். அந்தப் படத்தை ஏ3 தாளில் அச்சிட்டு, ஒவ்வொரு தலைக்கும் ஓர் எண் போடுங்கள். பார்ப்பவருக்கு இடப்பக்கத்திலிருந்து ஆரம்பித்து, முன் வரிசையிலிருந்து பின்னோக்கிப் போகட்டும். ‘முதல் வரிசை, இடமிருந்து மூன்றாவது’ என்று எழுதிவைத்த பட்டியல்களில்தான் குழப்பம் அதிகம். தரையில் உட்கார்ந்திருக்கும் ஜூனியர் மாணவர்கள் முதல் வரிசையா, நாற்காலியில் இருப்பவர்களா, நிற்பவர்களில் முன்னால் இருப்பவர்களா? எண் இருந்தால் இந்தக் கேள்வியே எழாது.

பெரியவர்களிடம் ஒருவர் ஒருவராகப் போங்கள். நான்கு பேரைக் கூட்டி உட்கார வைத்தால் குரல் உயர்ந்தவர் சொல்வதே பதிவாகும். ‘இது இன்னார்தானே?’ என்று எடுத்துக் கொடுக்காமல், எண்ணைக் காட்டி ‘இது யார்?’ என்று மட்டும் கேளுங்கள். சொன்னவர் பெயர், தேதி, சொன்னது உறுதியாகவா ஊகமாகவா என்பதைப் பக்கத்தில் குறியுங்கள். இருவர் தனித்தனியாக ஒரே பெயரைச் சொன்னால் நம்பலாம்.

நடுவில் பிஷப் எனப்படும் அத்தியட்சர், பக்கத்தில் பிரின்சிபால், அவர்கள் மனைவிமார் என்று முக்கியமானவர்களின் பெயர்கள் எளிதில் கிடைத்துவிடும். பின் வரிசை ஓரத்தில் நிற்கும் சமையல்காரரையும் வாட்ச்மேனையும், வீடு வீடாகப் போய் வேதம் சொல்லிக்கொடுத்த பைபிள் உமனையும் குறிப்பிட்டுக் கேட்காவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். பழைய அச்சுப் பட்டியல்களிலும் பெரும்பாலும் அவர்களை விட்டிருப்பார்கள். வளர்ந்த பிள்ளைகளைச் சபையின் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தல் ஆராதனையின் படமானால், சேகரத்தின், அதாவது ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபைகளின், திடப்படுத்தல் பதிவேட்டை எடுத்து அந்தத் தேதியின் பெயர்களோடு ஒப்பிடுங்கள். தலைகளின் எண்ணிக்கையும் பதிவேட்டின் எண்ணிக்கையும் ஒத்துப்போனால் பாதி வேலை முடிந்தது. செமினரி, அதாவது இறையியல் கல்லூரிப் படத்துக்கு அந்தந்த ஆண்டின் சேர்க்கைப் பதிவேடு இருக்கிறது.

ஆண்டு எழுதிய சிலேட்டோ பலகையோ முன்னால் இல்லையென்றால், படத்துக்குள்ளேயே தடயம் தேட வேண்டும். பேனரில் தென்னிந்திய ஐக்கிய சபை என்று இருந்தால், அது 1908-க்கும் 1947-க்கும் இடைப்பட்டது. தென்னிந்தியத் திருச்சபை என்று இருந்தால், 27 செப்டம்பர் 1947-க்குப் பிந்தையது. அன்றுதான் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் திருச்சபை தொடங்கியது. நடுவில் இருக்கும் அத்தியட்சரின் பதவிக்காலம் இன்னும் நெருக்கமாகக் காட்டும். மதுரை–ராமநாதபுரம் திருமண்டலத்தில், அதாவது ஓர் அத்தியட்சரின் ஆளுகைக்கு உட்பட்ட பகுதியில், லெஸ்லி நியூபிகின் அத்தியட்சராக இருந்தது 1947 முதல் 1959 வரை. தமிழ் லுத்தரன் சபையின் தரங்கம்பாடி அத்தியட்சர் பதவிக்கு வந்த முதல் இந்தியரான ராஜா மாணிக்கம் பொறுப்பேற்றது 1956-ல். ஆனால் அத்தியட்சர்கள் பிற மண்டலங்களுக்கு விருந்தினராகவும் போவார்கள் என்பதை மறக்க வேண்டாம். மதுரை அரசரடியின் தமிழ்நாடு இறையியல் கல்லூரி 1969-ல் தொடங்கியது. அந்தப் பெயர்ப்பலகையோடு ‘1958’ என்று குறித்த படம் வந்தால் குறிப்புதான் தவறு.

கத்தோலிக்கக் கோயில் படமானால் பீடத்தைப் பாருங்கள். குரு மக்களைப் பார்த்து நின்று பூசை வைக்கிறார் என்றால் பெரும்பாலும் 1965-க்குப் பிந்தையது. சுவரோடு ஒட்டிய பீடம் இருப்பதால் மட்டும் பழையது என்று முடிவு கட்டாதீர்கள். பல ஊர்களில் பழைய பீடம் அப்படியே நின்றது, முன்னால் ஒரு மேசையைத்தான் போட்டார்கள்.

பின்புற ரப்பர் ஸ்டாம்பு, படம் எடுத்த ஆண்டைச் சொல்லாது. அந்தப் பிரதியைப் போட்ட ஆண்டைத்தான் சொல்லும். ஸ்டூடியோ முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அந்தப் பிரதி ஆகஸ்ட் 1972-க்குப் பிறகு போட்டது. படம் 1948-ஆகவே இருக்கலாம்.

கண்ணாடியோடு படம் ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்காதீர்கள். ஈரத்தில், படத்தின் மேற்பூச்சான ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பிடித்திருக்கும், இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்யுங்கள். பூஞ்சை பிடித்த படத்தை ஈரத்துணியால் துடைத்தாலும் இதே கதிதான். நிழலில், காற்றோட்டத்தில் நன்றாகக் காயவிட்டு, முகக்கவசம் அணிந்து, வெளியிடத்தில் மென்மையான தூரிகையால் தட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பது நல்லது. செலோடேப், லேமினேஷன் இரண்டும் படத்துக்கு எமன்.

ஸ்கேன் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி), கலரில், தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக. கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கலர் எதற்கு என்று கேட்பார்கள்: மங்கிய பென்சில் குறிப்பையும் கறையையும் கலர்தான் பிரித்துக் காட்டும். பத்துக்குப் பன்னிரண்டு அங்குலப் படத்தில் அறுபது பேர் என்றால் ஒரு தலை கால் அங்குலம்தான் இருக்கும், 600-ல் அது 150 புள்ளி அகலம். ஆறுக்கு ஒன்பது சென்டிமீட்டர்ச் சின்னப் பிரதிகளுக்கு 1200 வையுங்கள். பின்பக்கத்தையும் தவறாமல் ஸ்கேன் செய்து, ‘1958-04_திடப்படுத்தல்_01_முன்’, ‘..._பின்’ என்று பெயரிடுங்கள். முகத்தைத் தெளிவாக்கித் தரும் செயலிகளை அடையாளம் காணப் பயன்படுத்தாதீர்கள். அவை மங்கலான தலைக்கு இல்லாத ஒரு முகத்தைப் பொருத்திவிடும், பிறகு பேரனுக்கே தாத்தாவைத் தெரியாது.

மூலப் படத்தின் பின்னால் எழுத வேண்டுமென்றால் ஓரத்தில், மென்மையான பென்சிலால், அழுத்தாமல். பால்பாயின்ட் பேனா அழுத்தினால் கோடு முன்பக்கத்தில் புடைக்கும். அமிலமற்ற காகித உறையிலோ பாலியெஸ்டர் உறையிலோ வைத்து, வெளிச்சுவரை ஒட்டாத இரும்பு பீரோவில், தரையிலிருந்து அரையடி உயரத்தில் அடுக்குங்கள். புது பிளாஸ்டிக் வாடை அடிக்கும் பிவிசி உறை வேண்டாம். சிலிகா ஜெல் பை போட்டால் மாதம் ஒருமுறை எடுத்துக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் போட்டும் பயனில்லை. புளிப்பு வாடை வரும் பழைய ஃபிலிம் நெகடிவ்களை உடனே தனியாகப் பிரியுங்கள்.

குடும்பங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்புங்கள், போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும். அநாதை விடுதிப் பிள்ளைகள், தொழுநோய் மருத்துவமனைப் படங்களை மட்டும் பொதுவெளியில் போட வேண்டாம். அவர்களின் குடும்பத்தார் அதே ஊரில் இருக்கக்கூடும்.