இரண்டு சிலிண்டர் இருந்தும் குளிரில் நடுங்கிய இரவு

அமெரிக்காவின் அரிசோனாவில், ஃபிளாக்ஸ்டாஃப் நகரின் பக்கம், வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் வீடு போன்ற எங்கள் டிரெய்லரை நிறுத்தியிருந்தோம். சுமார் 7,000 அடி உயரம். அக்டோபரிலேயே இரவில் உறையும் குளிர். நடுராத்திரியில் ஹீட்டரின் விசிறி சுற்றுகிறது, வருவதோ குளிர்காற்று. ஹீட்டருக்கும் அடுப்புக்கும் டிரெய்லரின் முன்பக்கம் 20 பவுண்டு புரொப்பேன் எரிவாயு சிலிண்டர் இரண்டு இருக்கிறதே!

டார்ச்சுடன் போய்ப் பார்த்தேன். ரெகுலேட்டரில் சிலிண்டர் தீர்ந்ததைக் காட்டும் சிவப்பு அடையாளம் தெரிந்தது. ஒன்று தீர்ந்தால் தானாக மற்றதற்கு மாறும் வகைதான், ஆனால் இரண்டு வால்வும் திறந்திருக்க வேண்டும். மிச்சம் பிடிப்பதாக நினைத்து இரண்டாவதை மூடிவைத்த புத்திசாலி நானேதான்.

அவசரத்தில் அதைச் சட்டென்று முழுக்கத் திறந்தேன். அடுப்பில் சுடர் மெழுகுவர்த்தி அளவுக்குத்தான். வாயு திடீரெனப் பாய்ந்தால் இணைப்பிலுள்ள பாதுகாப்பு அமைப்பு அதைக் கசிவு என்று எடுத்துக்கொண்டு வழியை அடைத்துவிடும். சரி என்று அடுப்பு, ஹீட்டர், வால்வு எல்லாவற்றையும் மூடி, ஐந்து நிமிடம் பொறுத்து, வால்வை மெல்ல மெல்லத் திறந்தேன். அடுப்பைப் பற்றவைத்ததும் குழாயிலிருந்த காற்று போய் நீலச் சுடர் நின்றது. அப்புறம் ஹீட்டரும் வழிக்கு வந்தது.

காலையில் ரெகுலேட்டரின் கைப்பிடியை நிறைந்த சிலிண்டர் பக்கம் திருப்பி, காலியானதைக் கழற்றி நிரப்பி வந்தேன். மாட்டிய இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவினேன், குமிழி வரவில்லை.