உண்ணியைப் பார்த்து இனம் சொல்வது எப்படி

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் காடுகளில் எருமை, குடு மான், காண்டாமிருகம் மேல் இருக்கும் உண்ணிகளை இனம் பிரிப்பது என் வேலை. கையுறை இல்லாமல் தொடாதீர்கள்; ஹயலோமா வகை கிரிமியன்-காங்கோ என்ற கொடிய வைரஸ் காய்ச்சலைப் பரப்பும்.

நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து மெதுவாக இழுங்கள். வாயுறுப்பு ஒடிந்தால் பாதி அடையாளம் போய்விடும். 70 சதவீத எத்தனாலில் போட்டு, விலங்கு, உடற்பகுதி, இடம், தேதியைப் பென்சிலால் எழுதி உள்ளேயே வையுங்கள். பேனா மை கரைந்துவிடும்.

ஆறு கால் என்றால் லார்வா, அதை ஒதுக்கி வையுங்கள். முதிர்ந்ததில், ஓடு (முதுகின் மேல் இருக்கும் கெட்டியான தகடு) முதுகு முழுவதையும் மூடினால் ஆண். முன்பகுதியை மட்டும் மூடினால் பெண். ரத்தம் குடித்து உப்பிய பெண்ணின் உடல் நிறத்தை நம்பவே வேண்டாம், ஓடு எப்படி இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

அப்புறம் வாய். நீண்ட வாய், ஓட்டில் வண்ணக் கோலம், வளையமிட்ட கால்கள் என்றால் ஆம்பிலியோமா வகை. இங்கே பெரும்பாலும் அதில் ஹெப்ரேயம் என்ற இனம். ஹயலோமாவுக்கும் நீண்ட வாய், வளையக் கால்கள் உண்டு, ஆனால் ஓடு ஒரே பழுப்பு. குட்டை வாயும் வாயின் அறுகோண அடிப்பகுதியும் இருந்தால் ரிப்பிசெஃபாலஸ் வகை. காதில் கிடைத்ததால் மட்டும் அதை இவ்வகையின் ஓர் இனமான பழுப்புக் காது உண்ணி என்று முடிவு கட்டாதீர்கள். திருப்பிப் போட்டால், மலத்துளைக்கு முன்னால் வளையும் பள்ளம் இக்சோடிஸ் வகையைக் காட்டிக் கொடுக்கும்.