சர்வீஸுக்குப் பிறகு டர்போ வண்டி இழுக்கவில்லையா? ஒரு பழந்துணி போதும்

பழைய டர்போ டீசல் கார் சர்வீஸ் முடிந்து வந்ததும் பிக்கப் குறைந்து கரும்புகை தள்ளினால், இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவை உடனே கழற்றச் சம்மதிக்காதீர்கள். இன்ஜின் ஆறிய பிறகு, டர்போவிலிருந்து அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ஹோஸ்களின் இணைப்புகளைப் பிசுக்கில்லாமல் துடையுங்கள். பாம்பன் சாலைப் பாலம் மாதிரி ஓர் ஏற்றத்தில் நன்றாக மிதித்து ஏறிவிட்டு, பாலம் தாண்டி ஓரங்கட்டிப் பாருங்கள். பாலத்தின் மேல் மட்டும் நிறுத்தவே வேண்டாம். எந்த இணைப்பில் புதிதாக எண்ணெய் கசிந்திருக்கிறதோ, அங்கேதான் காற்று வெளியேறுகிறது.

டர்போ அனுப்பும் காற்றில் இன்ஜின் ஆயில் கொஞ்சம் கலந்தே வரும். காற்று தப்பும் இடத்தில் அது ஈரமாகப் படியும். வண்டி நின்றபடி ஓடும்போது ஹோஸில் அழுத்தம் இருக்காது, ஓட்டை தெரியாது. மிதித்தால்தான் வாய் பிளக்கும். சர்வீஸில் கழற்றிய ஹோஸைச் சரியாக மாட்டாமல் விடுவது சகஜம். அதோடு மண்டபம், தங்கச்சிமடம் பக்கத்து உப்புக்காற்றில் ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் பட்டை துருவேறிவிடும். திருகு இறுகியதுபோல் இருக்கும், பட்டை பிடித்திருக்காது. மாற்றும்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளாம்ப்பாகவே கேட்டு வாங்குங்கள்.

நீலப்புகை வந்தாலோ, டர்போவில் இரும்பு உரசும் சத்தம் கேட்டாலோ இந்தச் சோதனை வேண்டாம், வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை அழையுங்கள். புகையே இல்லாமல் இழுவை மட்டும் குறைந்தால் டீசல் ஃபில்டரையும் டர்போவைக் கட்டுப்படுத்தும் வேக்யூம் ட்யூபையும் பார்க்க வேண்டும்.