வண்ண நிழல்களுக்கு ஓர் அறையைத் தயார் செய்வது எப்படி?

டேனிஷ்-ஐஸ்லாந்துக் கலைஞரான ஒலாஃபுர் எலியாசன் 2010-இல் உருவாக்கிய, ‘உங்கள் நிச்சயமற்ற நிழல்’ என்று பொருள்படும் தலைப்பைக் கொண்ட படைப்பில், பார்ப்பதற்கென்று பொருள் எதுவும் வைக்கப்படுவதில்லை. வரிசையாகச் சில வண்ண விளக்குகள், எதிரே ஒரு வெள்ளைச் சுவர், அவ்வளவுதான். இடையில் ஒருவர் நடந்தால் அவருடைய நிழல்கள் பல நிறங்களில் சுவரில் விரிகின்றன. லண்டனிலுள்ள டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் 2003-இல் அவர் எழுப்பிய செயற்கைச் சூரியனை வீட்டில் முயல முடியாது, ஆனால் இதன் எளிய வடிவத்தை இருட்டாக்கக்கூடிய எந்த அறையிலும் அமைக்கலாம்.

சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களில் மூன்று எல்இடி விளக்குகள் தேவை. ஒளி வெளிவரும் பரப்பு சிறியதாக இருக்க வேண்டும் என்பதே இங்கு முக்கியம். நான் முதன்முறை பால் வெள்ளைக் கூடு போட்ட பல்புகளை வாங்கிவிட்டதால், நிழல்களின் ஓரங்கள் கரைந்து, நிறங்கள் அழுக்குத் தண்ணீர் போலத் தெரிந்தன. பளபளப்பில்லாத வெள்ளைப் பூச்சுள்ள சுவரிலிருந்து 4 மீட்டர் தொலைவில், 30 செ.மீ. இடைவெளி விட்டு, மூன்றையும் ஒரே வரிசையில் தரையில் வையுங்கள். தரையில் டைல்ஸ் பதித்திருந்தால் அதன் பிரதிபலிப்பு வேண்டாத இரண்டாவது நிழலைத் தரும் என்பதால், விளக்குகளுக்கு முன்னால் ஒரு கறுப்புத் துணியை விரித்துவிடுவது நல்லது.

அடுத்து வருவதுதான் பொறுமையைக் கேட்கும் வேலை. மூன்று ஒளிகளும் சேருமிடத்தில் சுவர் ஏறக்குறைய வெள்ளையாகத் தெரிய வேண்டும். பச்சை மேலோங்கினால், அந்த விளக்கைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்துங்கள்; தொலைவு இரட்டிப்பானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும் என்பதால், ஒரு சாண் நகர்த்தினாலே மாற்றம் தெரியும்.

இப்போது சுவருக்கும் விளக்குகளுக்கும் நடுவே கையை நீட்டிப் பாருங்கள். சிவப்பு விளக்கைக் கை மறைக்கும் இடத்தில் பச்சையும் நீலமும் மட்டும் விழுவதால் அந்த நிழல் சியான் (பச்சை கலந்த வெளிர் நீலம்) நிறமாகிறது. பச்சையை மறைத்தால் மெஜந்தா (ஊதா கலந்த இளஞ்சிவப்பு), நீலத்தை மறைத்தால் மஞ்சள். இரண்டு நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் எஞ்சிய ஒற்றை நிறம் மட்டும் நிற்கும், மூன்றும் கூடும் இடத்தில் மட்டுமே கறுப்பு.

ஆள் நிற்கும் இடமே படத்தைத் தீர்மானிக்கிறது. சுவரிலிருந்து 2 மீட்டரில் நின்றால் நிழல்கள் ஒன்றுக்கொன்று 30 செ.மீ. விலகியிருக்கும், 1 மீட்டருக்கு வந்தால் 10 செ.மீ. ஆகச் சுருங்கும், சுவரை ஒட்டினால் எல்லாம் ஒரே கறுப்பு உருவமாக ஒடுங்கிவிடும். ஆகவே வருபவர் விளக்கு வரிசைக்குப் பின்னாலிருந்து வராமல் பக்கவாட்டிலிருந்து நடுப்பகுதிக்குள் நுழையும்படி வழி விடுங்கள். ஒயர்களைத் தரையோடு டேப்பால் ஒட்டிவிடுங்கள், ஏனெனில் உள்ளே வந்தவர் எவரும் கீழே பார்த்து நடப்பதில்லை.