முதல் புரோகிராமிங் மொழி எது? பூக்கடைக் கணக்கிலிருந்து தொடங்கலாம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எங்கள் தெருப் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, முதல்ல எந்த லாங்குவேஜ் படிக்கட்டும்?" நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான். இந்த ஒரு மாதத்துக்குள் கம்ப்யூட்டரை வைத்து என்ன செய்து பார்க்க உனக்கு ஆசை? பெரும்பாலானவர்களுக்குப் பதில் வராது, ஏனென்றால் எந்த வேலை கிடைக்கும், சம்பளம் எவ்வளவு என்பதைத் தாண்டி வீட்டில் பேச்சே நடந்திருக்காது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் மொழி பாதி முடிவான மாதிரி. அதனால் முதலில் ஒரு தாளை எடுத்து, தினமும் கையால் செய்து சலித்துப்போன ஒரு சின்ன வேலையை எழுதுங்கள்.

போன வருடம் ஒரு பெண் வந்தாள். அவள் அப்பாவுக்கு மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. மல்லிகைக்கு இன்று இருக்கிற ரேட் நாளைக்கு இருக்காது, முகூர்த்த நாள் என்றால் கேட்கவே வேண்டாம். எந்த விவசாயி எத்தனை கிலோ போட்டார், அன்றைய ரேட் என்ன, கமிஷன் போக அவருக்குக் கொடுக்க வேண்டியது எவ்வளவு, முன்பணம் வாங்கியிருந்தால் அதில் எவ்வளவு கழிப்பது, எல்லாம் நோட்டில்தான். ராத்திரி உட்கார்ந்து கூட்டுவது இவள் வேலை. பைத்தான் என்ற மொழியைப் படி என்றேன். கூட்டல் கழித்தல், ஒரு பட்டியல், அதை ஒரு ஃபைலில் எழுதி வைப்பது, இவ்வளவுதான் அவளுக்குத் தேவை, பைத்தானில் இதற்கெல்லாம் பெரிய முன்னேற்பாடு வேண்டாம், ஒரு வரி எழுதி உடனே ஓட்டிப் பார்க்கலாம். பைத்தான் 3-இல் மாறிகளுக்கு, அதாவது ஒரு மதிப்பைப் போட்டு வைக்கிற பெட்டிகளுக்கு, தமிழிலேயே பெயர் வைக்க முடியும் என்பதால் மல்லிகை, கமிஷன், பாக்கி என்றே வைத்துக்கொண்டாள். மூன்றாவது வாரம் புரோகிராம் சொன்ன தொகையும் நோட்டில் இருந்த தொகையும் இரண்டு இடத்தில் ஒத்துப்போகவில்லை. பார்த்தால் தப்பு நோட்டில்தான். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பைத்தானுக்கு இன்னொரு வசதி, நம் ஊரில் அதற்குப் புத்தகமும் ஆளும் பக்கத்திலேயே கிடைக்கும். தமிழ்நாடு பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியலில் பைத்தான் இருக்கிறது, தமிழ் வழிப் புத்தகமும் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017, 2021 பாடத்திட்டங்களில் இன்ஜினியரிங் முதல் செமஸ்டரிலேயே பைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆகவே தெருவில் யாராவது ஒரு அக்காவோ அண்ணனோ அதைப் படித்திருப்பார்கள். சந்தேகம் கேட்க ஆள் இருப்பது, மொழி எவ்வளவு நல்லது என்பதை விட முக்கியம் என்று நான் நினைக்கிறேன். ஒன்று மட்டும் கவனியுங்கள். பழைய வீடியோவில் பிரிண்ட் என்ற சொல்லுக்குப் பிறகு அடைப்புக்குறி இல்லாமல் எழுதியிருந்தால் அது பைத்தான் 2. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, அந்த வீடியோவை விட்டுவிடுங்கள்.

சரி, கணக்கு வேண்டாம், போனில் திறந்தால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது செய்யணும் என்கிறீர்களா? சித்தியின் தையல் கடைக்கு ஒரு பக்கம், அதில் பிளவுஸ் அளவு போட்டால் துணி எத்தனை மீட்டர் என்று காட்ட வேண்டும், இந்த மாதிரி. அப்படியானால் ஜாவாஸ்கிரிப்ட். வெப் பக்கத்தின் அமைப்பை எழுதுகிற எச்டிஎம்எல் கொஞ்சம் சேர்த்துப் படிக்க வேண்டும். எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், பிரவுசரே அதை ஓட்டும். பிரெண்டன் ஐக் என்பவர் 1995-இல் பத்தே நாளில் இதன் முதல் வடிவத்தை எழுதினார். இதில் ஒரு சிக்கல் உண்டு: எழுத்தாக இருக்கும் "5"-உடன் எண்ணாகிய 3-ஐக் கூட்டச் சொன்னால் "53" என்று ஒட்டிவைக்கும், கழிக்கச் சொன்னால் ஒழுங்காக 2 என்று சொல்லும். பைத்தான் அந்த இடத்தில் நின்று, இது தப்பு என்று சொல்லிவிடும். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு அப்படி நின்று சொல்கிற மொழிதான் நல்லது, தப்பை மறைத்துக்கொண்டு ஓடுகிற புரோகிராமில் எங்கே பிழை என்று தேடியே பலர் சோர்ந்து விட்டுவிடுகிறார்கள்.

சி என்ற பழைய மொழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், 'சி தெரியாமல் எதுவும் தெரியாது' என்று சொல்லும் பெரியவர்கள் இங்கே நிறைய. அவர்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. 'மதுரை' என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. பைத்தானிடம் அதன் நீளத்தைக் கேட்டால் 5 என்று சொல்லும், காரணம் எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கிற யூனிகோடில் உகரக் குறியும் ஐகாரக் குறியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. அந்த எண்களைச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் எழுதிய அதே சொல்லின் நீளத்தை சி-யிடம் கேட்டால் 15 வரும், ஏனென்றால் அது மெமரியின் சின்ன அலகான பைட்டுகளை எண்ணுகிறது, அந்த ஐந்தில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். மெமரியில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதை சி அப்படியே காட்டுகிறது. அது அருமையான பாடம்தான், ஆனால் முதல் மாதத்தில் அந்தப் பாடம் வேண்டியதில்லை. ஒரே விதிவிலக்கு, மோட்டார், சென்சார் என்று கையால் இணைத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள். மேலூர்ப் பக்கம் தோட்டத்தில் மண் காய்ந்தால் மோட்டார் தானாக ஓட வேண்டும் என்று ஒரு பாலிடெக்னிக் பையன் கேட்டபோது, சென்சாரையும் மோட்டாரையும் இணைக்க உதவும் ஆர்டுயினோ என்ற சின்ன போர்டு வாங்கி, சி-யிலிருந்து வளர்ந்த சி பிளஸ் பிளஸ்ஸிலேயே ஆரம்பிக்கச் சொன்னேன்.

ஜாவா வேறு, ஜாவாஸ்கிரிப்ட் வேறு. பெயரைப் பார்த்து ஒன்றுக்குப் பதில் இன்னொன்றுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். ஜாவாவை இரண்டாவது மொழியாகப் படிக்கலாம், அவசரமில்லை.

இன்னும் மனசு ஊசலாடினால் இரண்டு மொழிகளை எடுத்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு சாயங்காலம் கொடுங்கள். தாளில் எழுதிய அதே வேலையின் ஒரு துண்டை இரண்டிலும் எழுதுங்கள். பிழைச் செய்தி வரும்போது எதில் உங்களால் படித்துப் புரிந்துகொள்ள முடிகிறதோ அதை எடுங்கள். அப்புறம் மூன்று மாதத்துக்கு மாற்றாதீர்கள். நான் படித்த சென்டரில் ஒரே வருடத்தில் நான்கு மொழி நடத்தினார்கள், தாளில் 'அவுட்புட் என்ன' என்று கேட்டால் சொல்வேன், சொந்தமாகப் பத்து வரி எழுத வராது. கட்டின பணம் அம்மா சீட்டு எடுத்தது. இன்றைக்கும் அது எனக்கு வலிக்கிறது, அதனால்தான் பணம் கட்டுவதற்கு முன்னால் இந்தச் சாயங்கால வேலையைச் செய்து பாருங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சுகிறேன்.

லேப்டாப் இல்லையா, பரவாயில்லை. ஆண்ட்ராய்டு போனில் பைட்ராய்டு என்ற ஆப் போட்டால் பைத்தான் ஓடும், பைத்தான் எழுதி ஓட்டிப் பார்க்க கூகுள் கோலாப் என்ற தளமும் பிரவுசரிலேயே திறக்கும். உட்கார்ந்து படிக்க அமைதியான இடம் வேண்டுமென்றால் நத்தம் ரோட்டில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. போனில் எழுதும்போது ஒரு தொல்லை உண்டு. பைத்தானில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்கே அர்த்தம் இருக்கிறது, வாட்ஸ்அப்பிலிருந்து காப்பி செய்து ஒட்டும்போது அது சில சமயம் குலைந்துவிடும். அதனால் ஒட்டாமல் ஒவ்வொரு வரியையும் நீங்களே டைப் செய்யுங்கள், விரல் வலித்தால் சாதாரண யூஎஸ்பி கீபோர்டு ஒன்றை ஓடிஜி கேபிளில் (போனில் யூஎஸ்பி சாதனம் மாட்டுகிற சின்ன கேபிள்) போனோடு இணைத்துக்கொள்ளலாம்.